ஒன்பது ஊர், பதினோரு பேர், ஒரே ஓட்டுநர்

கேள்வி: நாங்கள் கூட்டுக் குடும்பம், மொத்தம் 11 பேர். மாமனாருக்கு 76 வயது. மாமியாருக்கு 71, முழங்கால் வலி உண்டு. நானும் கணவரும், கொழுந்தனாரும் ஓரகத்தியும், பிள்ளைகள் ஐந்து பேர். மூத்தவனுக்கு 15 வயது, கடைக்குட்டிக்கு 5. ஏப்ரல் பிற்பாதியில் நியூஸிலாந்தின் தெற்குத் தீவுக்குப் போய் 12 இரவுகள் தங்கப்போகிறோம். 12 பேர் உட்காரும் வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்து, கணவரே ஓட்டுவதாகத் திட்டம். கிறைஸ்ட்சர்ச்சில் தொடங்கி அங்கேயே முடியும் சுற்றில் ஒன்பது ஊர்களில் தங்க அட்டவணை போட்டிருக்கிறார். "நிதானமான பயணம்" என்று தலைப்பும் கொடுத்திருக்கிறார். எனக்கென்னவோ பயமாக இருக்கிறது. என் பயம் நியாயமானதுதானா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நியாயமானதுதான். நீங்கள் அனுப்பிய அட்டவணையை இரண்டு முறை படித்தேன். உங்கள் கணவர் கெட்டிக்காரர். எந்த ஊருக்கு எத்தனை கிலோமீட்டர், எங்கே பெட்ரோல், எங்கே மதியச் சாப்பாடு என்று ஒன்று விடாமல் குறித்திருக்கிறார். ஆனால் காலையில் 11 பேர் கிளம்ப எவ்வளவு நேரமாகும் என்பதற்கு அதில் ஒரு கட்டம்கூட இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் 9 பேர் இப்படி ஒரு பயணம் போனோம். ஒரு காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. எட்டு மணிக்கே பெட்டிகளெல்லாம் வண்டியில் ஏறிவிட்டன. அப்போதுதான் சித்தப்பாவின் இரத்த அழுத்த மாத்திரை அடியில் கிடக்கும் நீலப் பெட்டியில் இருப்பது தெரிந்தது. ஆறு பெட்டிகளை இறக்கினோம். மாத்திரை கிடைத்தது, ஆனால் திரும்ப ஏற்றியபோது ஒரு பெட்டிக்கு மட்டும் இடமில்லாமல் போயிற்று. முதலில் எப்படி அடுக்கினோம் என்பது அடுக்கிய அண்ணனுக்கே தெரியவில்லை. அதற்குள் சின்னவள் கழிப்பறை போக வேண்டும் என்றாள். வீட்டைப் பூட்டிச் சாவியை வீட்டுக்காரரின் பெட்டிக்குள் போட்டாகிவிட்டது. வண்டி நகர்ந்தபோது மணி 9.40. அன்றைக்கு முழுவதும் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை.

எழுந்ததிலிருந்து சக்கரம் உருளும் வரை இரண்டு மணி நேரம் என்றே வைத்துக்கொள்வோம். ஒன்பது ஊர் என்றால் ஒன்பது முறை மூட்டை கட்ட வேண்டும். பதினெட்டு மணி நேரம். விடுமுறையில் ஒரு முழு நாள் பெட்டியின் ஜிப்போடு மல்லுக்கட்டியே போய்விடும். ஆகவே தூரத்தைக் குறைக்கிறீர்களோ இல்லையோ, படுக்கை மாற்றுவதைக் குறையுங்கள். நான்கு இடங்கள் போதும்.

என் யோசனை இது. கிறைஸ்ட்சர்ச்சில் 2 இரவு, டெகாபோ ஏரிக்கரையில் 3, குவீன்ஸ்டவுன் பக்கத்தில் 4, டெ அனாவில் 3. வண்டியைக் கிறைஸ்ட்சர்ச்சில் எடுத்துக் குவீன்ஸ்டவுன் விமான நிலையத்தில் விட்டுவிட்டு, அங்கிருந்து ஆக்லாந்து வழியாகத் திரும்புங்கள். எடுத்த ஊரில் விடாததற்குச் சில நிறுவனங்கள் தனிக் கட்டணம் கேட்கும். கொடுத்துவிடலாம், திரும்பி வரும் பாதையில் ஒரு முழு நாள் மிச்சம். மேற்குக் கரையும் ஃப்ரான்ஸ் ஜோசஃப் பனியாறும் விடுபடுகிறதே என்று உங்கள் கணவர் வருத்தப்படுவார். எனக்கும் வருத்தம்தான். ஆனால் மாமியாரின் முழங்காலையும் ஐந்து வயதுக் குழந்தையையும் வைத்துக்கொண்டு அந்த மலைப்பாதை வளைவுகளைச் சுற்றுவது இந்தப் பயணத்துக்கு ஒத்துவராது.

அடுத்தது வண்டி. 12 பேர் உட்காரும் வேனில் 11 பேர் உட்கார்ந்துவிட்டால் 11 பேரின் பெட்டிகள் எங்கே உட்காரும்? பின்னால் இழுவைப் பெட்டி மாட்டலாம், ஆனால் பழக்கமில்லாதவர் அதை வைத்துக்கொண்டு பின்னோக்கி எடுப்பதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. எட்டு இருக்கை வண்டி இரண்டு எடுங்கள். ஒன்றில் ஆறு பேர், இன்னொன்றில் ஐந்து பேர். கடைசி வரிசையில் ஆளில்லாத இருக்கைகளை மடக்கினால் பெட்டிகளுக்கு இடம். செலவு கூடத்தான் செய்யும். வேறு எதில் வேண்டுமானாலும் சிக்கனம் பிடியுங்கள், இதில் வேண்டாம்.

ஏனென்றால் இரண்டு வண்டி இருந்தால்தான் குடும்பம் இரண்டாகப் பிரிய முடியும். பிரிவது என்றதும் பதற வேண்டாம். டெ அனாவிலிருந்து, மலைகளுக்கு நடுவே கடல் புகுந்து நிற்கும் மில்ஃபோர்ட் சவுண்டுக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர். போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், படகில் இரண்டு மணி நேரம், திரும்ப அதே அளவு. இளையவர்கள் ஒரு வண்டியில் விடிகாலை கிளம்பட்டும். மாமியார் ஏரிக்கரையில் வெயில் காயட்டும். மத்தியானம் அவருக்குத் தெம்பிருந்தால் இன்னொரு வண்டியில் பக்கத்திலேயே எங்காவது போய்வரலாம். ஒரே வேன் என்றால் ஒன்று எல்லோரும் போக வேண்டும், அல்லது யாரும் போக முடியாது. பெரிய குடும்பப் பயணங்களில் சண்டை மூளும் இடம் பெரும்பாலும் அதுதான்.

இரண்டு வண்டி என்றால் இரண்டு ஓட்டுநர். கொழுந்தனார் ஓட்டுவாரா என்று நீங்கள் எழுதவில்லை. உங்களுக்கோ ஓரகத்திக்கோ ஓட்டத் தெரியுமா என்றும் எழுதவில்லை. ஓட்டக்கூடிய ஒவ்வொருவர் பெயரும் வாடகை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். பெயர் இல்லாதவர் ஓட்டி இடித்துவிட்டால் காப்பீடு கைகொடுக்காது. உரிமம் ஆங்கிலத்தில் இருந்தால் போதும். இல்லையென்றால் சர்வதேச ஓட்டுநர் அனுமதியோ அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்போ கையில் வேண்டும். கடைக்குட்டிக்குக் குழந்தை இருக்கை கட்டாயம். ஏழு வயது நிரம்பாத எந்தக் குழந்தைக்கும் அங்கே அதுதான் சட்டம். வண்டியோடு சேர்த்து முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள்.

விமானத்திலிருந்து இறங்கிய கையோடு ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டாம். தூக்கமில்லாத இரவுக்குப் பிறகு ஓட்டுவது குடித்துவிட்டு ஓட்டுவதற்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல. டாக்ஸியில் தங்கும் இடத்துக்குப் போய்த் தூங்கிவிட்டு, மறுநாள் வண்டியை எடுக்கலாம். கிறைஸ்ட்சர்ச்சுக்கு இரண்டு இரவு ஒதுக்கியது இதற்காகத்தான்.

அங்கே வண்டிகள் இடதுபுறம் ஓடும். ஊருக்கு வெளியே பொதுவான உச்ச வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர். அதை எட்டிப் பிடித்தே ஆக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. பல இடங்களில் நெடுஞ்சாலை என்பது திசைக்கு ஒரு தடம் மட்டும் கொண்ட வளைவுப் பாதை. பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டால், பாதுகாப்பான இடம் பார்த்து ஓரம் கட்டி வழிவிட்டுவிடுங்கள். கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து டெகாபோவுக்கு ஏறத்தாழ 225 கிலோமீட்டர். வரைபடம் மூன்று மணி நேரம் என்று சொல்லும். உங்கள் குடும்பத்துக்கு ஐந்து.

கணவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டியது ஒருவழிப் பாலங்களைப் பற்றி. ஒரு நேரத்தில் ஒரு திசை வண்டிகள் மட்டுமே போகக்கூடிய குறுகிய பாலங்கள் தெற்குத் தீவில் நிறைய. பாலத்துக்கு முன்னால் உள்ள பலகையில் உங்கள் பக்கத்து அம்பு சிறியதாகச் சிவப்பில் இருந்தால் நின்று எதிர்வண்டிக்கு வழிவிட வேண்டும். நீலப் பலகையில் பெரிய வெள்ளை அம்பு இருந்தால் முதலில் போகும் உரிமை உங்களுக்கு. இரண்டு வண்டிகளில் போகிறவர்கள் தவறு செய்வது இங்கேதான். முன்னால் போன அண்ணன் பாலம் ஏறிவிட்டாரே என்று தம்பியும் பார்க்காமல் பின்னாலேயே ஏறிவிடுவார். அதனால் ஒட்டிக்கொண்டே ஓட்ட வேண்டாம். "அடுத்த ஊரில் பெட்ரோல் நிலையத்தில் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு அவரவர் போக்கில் போங்கள்.

இடங்களைப் பற்றிக் கொஞ்சம். டெகாபோவிலிருந்து போனால், புகாகி ஏரியின் கரையோரமாகவே 80-ஆம் எண் நெடுஞ்சாலை அவோராகி மலையை நோக்கி நீள்கிறது. 3,724 மீட்டர், அந்த நாட்டின் மிக உயரமான சிகரம். வானம் தெளிந்திருந்தால் மாமியார் வண்டியை விட்டு இறங்காமலே பார்த்துவிடலாம். இரவில் எல்லோரையும் போர்வையோடு வெளியே கூட்டிவாருங்கள். அந்த வட்டாரம் 2012 முதல் சர்வதேச இருள் வானக் காப்பகம்; விளக்குகளுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் பால்வீதி வெறும் கண்ணுக்கே தெரியும். குவீன்ஸ்டவுனில் 1912-இல் வெள்ளோட்டம் விடப்பட்ட நீராவிக் கப்பல் ஒன்று ஏரியில் ஓடுகிறது. மாமனார் மேல்தளத்தில் உட்கார்ந்திருக்க, பிள்ளைகள் நிலக்கரி அள்ளிப் போடும் இயந்திர அறையை மேலிருந்து எட்டிப் பார்க்கலாம். பக்கத்தில் ஆரோடவுன், 1862-இல் தங்கம் கிடைத்த ஆற்றங்கரை ஊர். ஏப்ரல் பிற்பாதியில் மரங்களே தங்க நிறத்தில் நிற்கும். அங்கே ஒரு முழு நாள் எந்தத் திட்டமும் வைக்காதீர்கள்.

மில்ஃபோர்ட் போகும் நாளில் டெ அனாவிலேயே பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். வழியில் கைபேசி அலையும் கிடைக்காது. மழை பெய்தால் திரும்பிவிட வேண்டாம். ஆண்டுக்கு 6 மீட்டருக்கு மேல் மழை பெய்கிற இடம் அது. பெய்தால்தான் பாறை முழுக்க அருவி. ஆனால் மலையில் பனி விழுந்தால் சாலையை மூடுவார்கள், வழுக்காமலிருக்கச் சக்கரத்தில் மாட்டும் சங்கிலி இருக்கிறதா என்று கேட்பார்கள். காலையில் சாலை நிலவரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஹோமர் சுரங்கப்பாதை அருகே நின்றால் கியா என்னும் பச்சை மலைக்கிளிகள் வரும். வண்டிக் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பரைக் கொத்தி இழுப்பது அவற்றுக்குப் பொழுதுபோக்கு. பிள்ளைகளுக்குப் பிடிக்கும், வாடகை நிறுவனத்துக்குப் பிடிக்காது. தீனி மட்டும் போடாதீர்கள்.

விமான நிலையத்தில் உணவுப் பொருள், விதை, தேன், மண் ஒட்டிய காலணி எதுவாக இருந்தாலும் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். எழுதினால் பார்த்துவிட்டுத் தருவார்கள், அல்லது எடுத்துக்கொள்வார்கள், அபராதம் இல்லை. கைப்பையில் மறந்துபோன ஒரு ஆப்பிளுக்கு அங்கேயே 400 டாலர் கட்டியவர்கள் உண்டு. மாமனாரின் சட்டைப்பையையும் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, நீங்கள் எழுதாத ஒன்று. தங்கும் இடம் எல்லாமே "சமையலறை உள்ள வீடு" என்று அட்டவணையில் இருக்கிறது. 11 பேருக்கு அது வசதிதான். ஆனால் யாருக்கு வசதி? காலையில் 11 பேருக்குச் சிற்றுண்டி, இரவில் 11 பேருக்குச் சாப்பாடு என்று நீங்களும் ஓரகத்தியும் அடுப்படியில் நின்றால், உங்கள் இருவருக்கும் அது ஏரி தெரியும் ஜன்னல் வைத்த இன்னொரு வேலை. ஓட்டுகிற நாளில் ஓட்டுநருக்கு விடுப்பு. ஓட்டாத நாளில் சமையல் அவர்களுடையது. பாத்திரம் 15 வயதுக்காரனுடையது. இதைப் புறப்படும் முன்பே பேசி முடித்துவிடுங்கள், அங்கே போய்ப் பேசினால் நடக்காது.

ஏப்ரலில் அங்கேயும் பள்ளிகளுக்கு இரண்டு வாரம் விடுமுறை. ஐந்து படுக்கையறை வீடுகள்தான் முதலில் தீரும். 25-ஆம் தேதி அன்சாக் என்னும் போர்வீரர் நினைவு நாள், மதியம் ஒரு மணி வரை பெரும்பாலான கடைகள் திறக்காது; அதற்கு முந்தைய நாளே பாலும் ரொட்டியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இன்று இரவே கணவரை உட்காரவைத்து டெ அனாவ் வீட்டை முதலில் பதிவு செய்யுங்கள். சின்ன ஊர், பெரிய வீடுகள் குறைவு.