இரண்டாவது கியர் உரசல்: சின்க்ரோ ரிங் மட்டும் மாற்றினால் போதுமா?

வணக்கம் நண்பரே. மாருதி 800-இல் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது மட்டும் 'கர்ர்' என்று உரசுகிறது, வீட்டிலேயே கியர்பாக்ஸைப் பிரித்துவிட்டேன், சின்க்ரோ ரிங் (கியர் விழும் முன் சுழலும் பாகங்களின் வேகத்தைச் சமமாக்கும் பித்தளை வளையம்) மட்டும் மாற்றினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மற்ற கியர்களும் ரிவர்ஸும் சுத்தமாக விழுகின்றன என்றால் கிளட்ச் மேல் சந்தேகம் வேண்டாம்.

பித்தளை ரிங்கைக் கியரின் கோன் (கூம்பு வடிவப் பகுதி) மேல் கையால் அழுத்தி, ரிங்குக்கும் கியரின் சிறு பற்களுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். புதிதில் இடைவெளி 1 மி.மீ. அளவில் இருக்கும். 0.5-க்குக் கீழே இறங்கியிருந்தால் ரிங் தேய்ந்துவிட்டது. அதோடு நிறுத்தாதீர்கள். ஸ்லீவின் (கியரைப் பூட்ட நகர்ந்து வரும் வெளி வளையம்) உள்பற்களையும் அந்தச் சிறு பற்களையும் விரலால் தடவுங்கள். முனை கூராக இல்லாமல் மழுங்கியிருந்தால் கியரையும் ஸ்லீவையும் சேர்த்தே மாற்ற வேண்டும். நான் முதல் முறை இதைக் கவனிக்காமல் ரிங் மட்டும் போட்டு, பெட்டியை மறுபடி இறக்கினேன்.

ஹப்பையும் (ஸ்லீவுக்குள் இருக்கும் நடுப்பகுதி) ஸ்லீவையும் பிரிக்கும் முன் இரண்டிலும் மார்க்கரால் கோடு போட்டுவிடுங்கள். ஒன்றோடு ஒன்று பழகிய ஜோடி அது. ஹப்பில் இருக்கும் மூன்று கீகளும் (சிறு உலோகத் துண்டுகள்) ரிங்கின் பள்ளங்களில் சரியாக உட்கார வேண்டும்.

அப்புறம் எண்ணெய். ஜிஎல்-4 (கியர் எண்ணெயின் தர வகை) தான் ஊற்றுங்கள். ஜிஎல்-5-இல் உள்ள கந்தகச் சேர்மானம் பித்தளையை அரிக்கக்கூடும். ரிங்கின் அளவு எடுத்ததும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.