பல நாட்டுக் கப்பல்கள், ஒரே டைம்டேபிள்

கடற்படையில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்பதால், செம்பூர், மாட்டுங்கா நண்பர்கள் கப்பல் கேள்விகளை எல்லாம் என் தலையில் கட்டிவிட்டார்கள். சரி, ஒவ்வொன்றாக.

மாட்டுங்கா அம்மா: மகன் சரக்குக் கப்பலில் ஏடன் வளைகுடா வழியாகப் போகிறான். அங்கே காவலுக்கு யார் இருக்கிறார்கள்?

சோமாலியக் கடற்கொள்ளையரிடமிருந்து சரக்குக் கப்பல்களைக் காக்க நம் போர்க்கப்பல் 2008 அக்டோபரிலேயே அங்கே போய்விட்டது அம்மா. அதே ஆண்டு டிசம்பரில் ஐரோப்பியக் கப்பல்கள் வந்தன. பஹ்ரைனைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டுக் கூட்டுப்படை தனி. சீனா, ஜப்பானும் வந்தன. ஆளாளுக்குத் தன் இஷ்டத்துக்கு சரக்குக் கப்பல்களுக்குத் துணை போனால் ஒரு நாள் கூட்டம், மறுநாள் காலி. அதனால் 2012இல் இந்தியா, சீனா, ஜப்பான் மூன்றும் புறப்படும் நேரங்களை ஒத்துப் பேசிக்கொண்டன. எல்லைத் தகராறு அதுபாட்டுக்கு ஒரு பக்கம்! என்னைக் கேட்டால் உண்மையான ஒத்துழைப்பு இதுதான். வரிசையாக நின்று ஃபோட்டோ எடுப்பதில்லை.

தாராவித் தம்பி: கூட்டுப் பயிற்சியில் அப்படி என்னதான் செய்வீர்கள்?

டீசல் போடுவோம். சிரிக்காதே. இரண்டு கப்பலும் நிற்காமல், சுமார் 12 நாட் (மணிக்கு ஏறக்குறைய 22 கி.மீ.) வேகத்தில், ஐம்பது மீட்டர் இடைவெளியில் பக்கம் பக்கமாக ஓடும். முதலில் துப்பாக்கியால் மெல்லிய கயிறு ஒன்றைச் சுடுவார்கள். அதைப் பிடித்து இழுத்தால் தடித்த கயிறு, அப்புறம் குழாய். இடைவெளியைக் காட்ட நிறநிறமாய்க் கொடி கட்டிய ஒரு கயிறு குறுக்கே இருக்கும். அது தொய்ந்தால் கப்பல்கள் நெருங்குகின்றன என்று அர்த்தம். நடுவில் தண்ணீர் கொதிக்கிற மாதிரி பொங்கும். வேறு நாட்டுக் கப்பலோடு இதைச் செய்ய குழாய் முனை பொருந்த வேண்டும், சைகை பொருந்த வேண்டும். கடைசியில் டீசல் கணக்கும் பொருந்த வேண்டும். அதற்குத்தான் 2016இல் அமெரிக்காவோடு ஒப்பந்தம்.

செம்பூர் நண்பர்: மலபார் பயிற்சி கேரளாவில்தானே?

பெயர் மட்டும்தான். 1992இல் இந்தியாவும் அமெரிக்காவும் தொடங்கிய கடற்படைக் கூட்டுப் பயிற்சி அது. 2023இல் சிட்னி பக்கம் நடந்தது.

அதே நண்பர்: சோமாலியக் கொள்ளையரை ஏன் மும்பைக்குக் கொண்டுவந்தார்கள்?

2024 மார்ச்சில் நம் போர்க்கப்பல் ஐ.என்.எஸ். கொல்கத்தா, கொள்ளையர் கடத்தியிருந்த 'ரூயன்' சரக்குக் கப்பலை மீட்டபோது கொள்ளையர் 35 பேர் சரணடைந்தார்கள், மாலுமிகள் 17 பேரும் தப்பினார்கள். முன்பெல்லாம் பல நாட்டுக் கடற்படைகள் பிடித்தவர்களை ஆயுதத்தைப் பறித்துவிட்டு அனுப்பிவிடும். வழக்கை எந்த நாட்டில் நடத்துவது என்ற தலைவலிதான். நமக்கு 2022இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. அதனால் நேரே மும்பை போலீஸ் கையில்.

தாராவித் தம்பி: நாளைக்கே போர் வந்தால் நம்மோடு பயிற்சி செய்யும் நாடுகள் நமக்காக வருமா?

அப்படி யாரும் எழுதிக் கொடுக்கவில்லை தம்பி. நாமும் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை.