லாவெண்டருக்குக் குளிர் பயமில்லை, தண்ணீர்தான் பயம்

தம்பி, தக்கலையிலிருந்து இங்கிலாந்தில் லெஸ்டருக்குப் புதிதாக வந்திருக்கிறோம், வாடகை வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண் கிடக்கிறது, மனைவிக்கு லாவெண்டரும் பிச்சியும் வைக்க ஆசை, இந்தக் குளிர் தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே கவுன்சில் வரி, பள்ளிக்கூடம், ஹீட்டர் செலவு என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதெல்லாம் சொல்ல நிறையப் பேர் உண்டு. நான் பூச்சந்தை ஊரான தோவாளைக்காரி, பூவைப் பற்றிச் சொல்கிறேன்.

மண்ணில் கை வைக்கும் முன் வீட்டு உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். நான் வந்த புதிதில் இருந்த வீட்டு உரிமையாளர் "தாராளமாகச் செடி வையுங்கள்" என்று வாயால்தான் சொன்னார். காலி செய்யும்போது, புல்தரை கெட்டுப்போனது என்று அட்வான்ஸில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டார். கையில் இருந்ததே அந்தப் பணம்தான். இப்போது நினைத்தாலும் எனக்கு ஆறாது. 2007 ஏப்ரலிலிருந்து இங்கிலாந்தில் வாடகை அட்வான்ஸை அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. உங்களுடையதைப் போட்டார்களா என்று இன்றே கேளுங்கள். அனுமதி கிடைக்காவிட்டால் தொட்டி போதும்.

சரி, லாவெண்டர். இது மத்தியதரைக் கடல் பக்கத்து மலைச்செடி. ஆனால் லண்டனுக்குத் தெற்கே மிட்சமில் ஒரு காலத்தில் இதை வயல் வயலாகப் பயிர் செய்தார்கள். மைனஸ் பத்து டிகிரியிலும் பிழைத்துக்கொள்ளும். அதைக் கொல்வது குளிர்கால ஈரம். நம்மூர் முருங்கை மாதிரிதான், வேரில் தண்ணீர் நின்றால் அழுகிவிடும். நம் ஆட்கள் பாசத்தில் தினமும் தண்ணீர் ஊற்றி, உரமும் போட்டுச் சாகடிக்கிறார்கள். உரமே வேண்டாம். நல்ல வெயில் விழும் இடத்தில், அடியில் ஓட்டையுள்ள மண்தொட்டியில், மண்ணோடு கால் பங்கு சரளை கலந்து ஏப்ரல், மே மாதத்தில் வையுங்கள். முதல் கோடையில் மட்டும் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இளவேனில் தொடக்கத்திலேயே கடைகளில், உச்சியில் முயல் காது மாதிரி இதழ் நீட்டிக்கொண்டு பூத்து நிற்கும் ஒரு வகையை வைத்திருப்பார்கள். அது பிரெஞ்சு லாவெண்டர், கடும் குளிர் தாங்காது. புதிதாக வந்தவர்கள் தலையில் அதைத்தான் கட்டுகிறார்கள். குளிர் தாங்கும் வகைக்கு 'ஹிட்கோட்' அல்லது 'மன்ஸ்டெட்' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பூ முடிந்ததும், ஆகஸ்ட் கடைசிக்குள் கத்தரித்துவிடுங்கள். பச்சைத் தண்டு கொஞ்சம் மிச்சம் இருக்கட்டும். பழுத்த மரத்தண்டு வரை வெட்டினால் பெரும்பாலும் துளிர்க்காது.

பிச்சியும் மல்லிகையும் உறைபனி தாங்காது. தொட்டியில் வைத்து, அக்டோபரில் வீட்டுக்குள் ஜன்னலோரம் எடுத்து வைக்க வேண்டும். வெளியிலேயே நிற்க வேண்டுமென்றால் ஜாஸ்மினம் அஃபிசினாலே வாங்குங்கள். பிச்சிக்கு நெருங்கிய சொந்தம், மணமும் அந்தச் சாயல்தான். 'ஸ்டார் ஜாஸ்மின்' என்பது மல்லிகை இனமே இல்லை, அரளிக் குடும்பம். ஒடித்தால் பால் வரும்.

ஊரிலிருந்து தண்டு, நாற்று, விதை எதையும் பெட்டியில் போட்டுக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் வந்தால் விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "இங்கே பூவே கிடையாது அக்கா" என்று புலம்பிக்கொண்டே சொந்த வீட்டின் முன்னால் இருக்கும் மண் முழுக்கக் கான்கிரீட் போட்டு இரண்டு கார் நிறுத்துகிற நம்மவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு பொறுக்காது. விசேஷத்துக்குப் பிளாஸ்டிக் மாலை வாங்குகிறவர்களும் அவர்களேதான். என் தோட்டத்து டாலியாவையும் கேந்தி என்கிற செண்டுமல்லியையும் வைத்து, மாலையில் மணத்துக்கு வைக்கும் கொழுந்துக்குப் பதில் லாவெண்டர் சொருகி, நம் ஊர்க்காரர் கல்யாணங்களுக்கு மாலை கட்டிக் கொடுக்கிறேன். வாழைநார் கிடைக்காது, பருத்தி நூல்தான். மாப்பிள்ளை வீட்டார் மணத்தைப் பார்த்துவிட்டு, எந்தக் கடை என்று கேட்பார்கள்.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பூதான் சோறு போட்டது. ஓணம் வந்தால் தோவாளைச் சந்தையில் இரவு பகல் தெரியாது. கேரளத்துக்குப் போகிற வண்டிகள் வரிசையாக நிற்கும், கேந்தியும் வாடாமல்லியும் மூட்டை மூட்டையாக ஏறும். ஆரல்வாய்மொழிக் காற்றில் உதிரிப்பூ பறக்காமல் இருக்க, ஈரச்சாக்கைப் போட்டு மூடி அதன் ஓரத்தில் சின்னப் பிள்ளைகளான எங்களை உட்கார வைப்பார் அப்பா. அங்கே உட்கார்ந்தபடிதான் கட்டவும் படித்தேன்.

உங்கள் மனைவிக்குப் பூக்கட்டத் தெரியும் என்றால் கேந்தி கட்டாயம் வைக்கச் சொல்லுங்கள். மார்ச் கடைசியில் ஜன்னலோரம் விதைத்து, உறைபனி முடிந்து மே கடைசியில் வெளியே நட வேண்டும். நட்ட இரவே நத்தை வரும், டார்ச் எடுத்துப் போய்ப் பொறுக்கிவிடுங்கள்.