புதிய மென்பொருளுக்கு மாறச் சொன்னால் பழைய ஊழியர்கள் முரண்டு பிடிக்கிறார்கள். என்ன செய்வது?

முரண்டு என்று நமக்குத் தெரிவது பெரும்பாலும் பயம்தான். எக்செலில் விரல் நுனியில் கணக்கு வைத்திருந்தவர், புதுத் திரையில் ஒரு பில்லைத் திருத்த நேற்று சேர்ந்த பையனிடம் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அவருக்கு அது மரியாதைப் பிரச்சினை. பயிற்சி வகுப்பு மட்டும் அதைச் சரிசெய்யாது.

அமெரிக்காவின் ஹார்வுட் பைஜாமா தொழிற்சாலையில் நடந்த ஆய்வு 1948-ல் வெளியானது. வேலைமுறை மாற்றத்தை வெறுமனே அறிவித்த குழுவில் உற்பத்தி சரிந்தது, சிலர் வேலையையே விட்டார்கள். திட்டமிடுவதில் தொழிலாளர்களையும் சேர்த்துக்கொண்ட குழுக்கள் சீக்கிரமே பழைய வேகத்தை எட்டின, தாண்டியும் போயின.

அதனால் அதிகம் முணுமுணுப்பவரையே சோதனை ஓட்டத்துக்குக் கூப்பிடுங்கள். அவர் சொல்லும் குறைகளில் ஒன்றிரண்டையாவது நிஜமாகவே திருத்துங்கள். கேட்டுவிட்டுக் கிடப்பில் போடுவது கேட்காமலே இருப்பதைவிட மோசம். அப்புறம், பழைய முறை எந்தத் தேதியோடு நிற்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.