கணினி மேசை: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி: உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் கற்பிக்கிறேன். பத்து வருடமாக ஒரே விண்டோஸ் கணினிதான். நாலாம் தலைமுறை ஐ5 என்பதால் விண்டோஸ் 11 ஏறாது என்கிறார்கள். பாடங்களை ஐபோனில் எடுத்து, வெட்டி ஒட்டிப் பிள்ளைகளுக்கு அனுப்புவதால் மேக்குக்கு மாற யோசிக்கிறேன். பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் 2017ஆம் ஆண்டு 27 அங்குல ஐமேக் ஒன்றையும் எம்1 மேக் மினி ஒன்றையும் கிட்டத்தட்ட ஒரே விலைக்குக் காட்டினார்கள். இரண்டும் பாவித்தவை. ஐமேக்கின் திரையைப் பார்த்ததிலிருந்து மனம் அதிலேயே நிற்கிறது. என் வினாத்தாள்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. எதை எடுப்பது?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: மினியை எடுங்கள், டீச்சர்.

அந்தத் திரையில் மனம் போனதில் பிழையே இல்லை. 5120க்கு 2880 புள்ளிகள். எழுத்து அச்சடித்தது போல நிற்கும். ஆனால் நீங்கள் வாங்கப் போவது திரையை மட்டுமல்ல, அதன் முதுகில் இருக்கும் கணினியையும் சேர்த்துத்தான். அந்தக் கணினிக்கு வயது போய்விட்டது. மேக்கின் இயங்குதளத்தில் 2022இல் வந்த வெஞ்சுரா என்ற பதிப்புக்கு மேல் 2017 ஐமேக் ஏறாது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்ததால்தானே நீங்கள் கடைக்கே போனீர்கள்? காசையும் கொடுத்துவிட்டு மறுபடி அதே இடத்தில் போய் நிற்க வேண்டாம்.

விண்டோஸ் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு ஐ5, ஐ7 என்று பார்த்துப் பழகிய கண். மேக்கில் முதலில் கேட்க வேண்டியது வேறு: உள்ளே இருப்பது இன்டெலா, அப்பிளின் சொந்தச் சிப்பா? இன்டெலை விட்டு விலகுவதாக அப்பிள் 2020 ஜூனில் அறிவித்தது. அந்த நவம்பரிலேயே எம்1 மினி வந்துவிட்டது. 2025இல் வெளியான டாஹோதான் இன்டெல் மேக்குகளுக்குக் கடைசிப் பதிப்பு. அதுவும் நாலே நாலு இன்டெல் மொடல்களுக்கு மட்டும். 2017 ஐமேக் அதில் இல்லை. எம்1 மினியில் டாஹோ தாராளமாக ஓடும்.

அந்த ஐமேக்கில் இருப்பது 'ஒரு டெரா ஃபியூஷன் டிரைவ்' என்று கடைக்காரர் சொல்லியிருந்தால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். அது சுழலும் பழைய ஹாட் டிஸ்க்தான். கூட 32 ஜிபி மட்டும் சுழலாத, வேகமான சேமிப்பு. அதை மாற்ற வேண்டுமென்றால் திரையைக் கழற்ற வேண்டும். திரையோ பசை நாடாவால் ஒட்டப்பட்டது. என் மேசையில் அந்த வேலையைச் செய்திருக்கிறேன். சின்னப் பிளாஸ்டிக் சக்கரம் ஒன்றைக் கண்ணாடிக்கும் அலுமினியத்துக்கும் இடையில் விட்டு, ஓரமெல்லாம் மெதுவாக ஓட்டிப் பசையை வெட்ட வேண்டும். கை கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் கண்ணாடியின் மூலையில் மயிரளவு கோடு ஒன்று ஓடும். அப்புறம் திருத்துக்கூலி எங்கேயோ போய் நிற்கும். கணினி கைவிட்டால் திரையையாவது வேறு கணினிக்கு மாட்டலாமே என்றால், இந்த ஐமேக்கில் அதற்கும் வழி வைக்கவில்லை.

சரி, மினிக்கு வருவோம். நினைவகம் (ரேம்) 8 ஜிபியா 16 ஜிபியா என்று கடையிலேயே பாருங்கள். திரையின் இடது மேல் மூலையில் உள்ள அப்பிள் படத்தை அழுத்தி முதல் வரியைத் திறந்தால் காட்டும். நினைவகம் சிப்போடு சேர்ந்தே வருவதால் பிறகு கூட்ட முடியாது. வீடியோ வெட்டுகிற உங்களுக்கு 16தான் நல்லது. கொஞ்சம் கூடக் கேட்டாலும் கொடுங்கள். 8தான் கிடைக்கிறது என்றாலும், பத்துப் பதினைந்து நிமிடப் பாடத்தை ஐமூவியில் வெட்ட அது போதும். ஐபோன் எடுக்கிற வீடியோ வடிவத்தைக் கையாள எம்1இல் தனிப் பகுதியே இருக்கிறது.

மினியோடு திரை, விசைப்பலகை, மவுஸ் எதுவும் வராது. உங்களிடம் இருப்பவையே வேலை செய்யும். பழைய மொனிட்டரில் நீல நிற விஜிஏ வாய் மட்டும் இருந்தால் எச்டிஎம்ஐயிலிருந்து மாற்றும் சின்ன வயர் ஒன்று வேண்டும். விசைப்பலகையில் விண்டோஸ் விசை இனி கமாண்ட் விசை. கொப்பி, பேஸ்ட் எல்லாம் அதோடுதான். விரல் பழக ஒரு வாரம் பிடிக்கும்.

இப்போது பாமினி. அது எல்லாக் கணினியிலும் போனிலும் தெரியும் பொதுக் குறியீட்டு முறையான யுனிகோட் அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை உட்கார வைத்த எழுத்துரு. எழுத்துரு இல்லாத கணினியில் உங்கள் வினாத்தாளைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கும். அந்த அரைப்புள்ளிதான் பாமினியில் குற்று. ஆகவே கடைக்குப் போகும்போது ஒரு பென் டிரைவில் பாமினி எழுத்துருக் கோப்பையும், சமன்பாடுகள் நிறைந்த வினாத்தாள் ஒன்றையும் கொண்டுபோங்கள். எழுத்துருவை அங்கேயே நிறுவி, வினாத்தாளைத் திறந்து, இரண்டு பக்கம் வாசித்துப் பாருங்கள். மேக்கிலேயே தமிழ்99, அஞ்சல் என்ற இரண்டு யுனிகோட் விசைப்பலகைகள் இருக்கின்றன. புதிதாக அடிப்பதையாவது அவற்றில் அடிக்கத் தொடங்கினால் பிள்ளைகளின் போனில் நேரே தெரியும். இதை ஆசையோடு சொல்கிறேன், டீச்சர். பத்து வருட உழைப்பு ஒரு எழுத்துருவை நம்பிக் கிடப்பது எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள் வெளி ஹாட் டிஸ்க் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் இருந்தால் மேக் அதை வாசிக்கும், ஆனால் எழுதாது. கோப்புகளை உள்ளே எடுத்து, சரியாகத் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகு டிஸ்கை, மேக்கும் விண்டோஸும் எழுதக்கூடிய எக்ஸ்ஃபாட் முறைக்கு மாற்றுங்கள். மாற்றும்போது டிஸ்கில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும். அந்த நேரத்தில் எல்லாவற்றுக்கும் இரண்டாவது பிரதி ஒன்று வேறெங்காவது கட்டாயம் இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம் பூட்டு. மூன்று வருடத்துக்கு முன்னர், அலுவலகம் ஒன்று கழித்த சாமான் என்று சொல்லி ஒருவர் எனக்கு ஒரு மினியை விற்றார். அவர் ஓட்டிக் காட்டியபோது எல்லாம் சரி. வீட்டுக்குக் கொண்டுவந்து முழுவதும் அழித்து, வைஃபையில் இணைத்தேன். 'இந்தக் கணினி எங்கள் நிர்வாகத்துக்கு உட்பட்டது' என்று ஏதோ வெளிநாட்டு நிறுவனத்தின் பெயரோடு ஒரு திரை வந்து நின்றது. விற்றவரின் போன் அன்றிலிருந்து வேலை செய்யவில்லை. அந்த மினி இன்றும் என் அலுமாரியில் கிடக்கிறது.

அதனால் காசை எண்ணிக் கொடுப்பதற்கு முன், உங்கள் கண் முன்னாலேயே கணினியை முழுவதும் அழித்துக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் போனின் ஹொட்ஸ்பொட்டில் இணைத்து, முதல் திரையிலிருந்து கடைசித் திரை வரை போங்கள். நடுவில் வேறொருவரின் அப்பிள் கணக்கையோ நிறுவனத்தின் பெயரையோ கேட்டால் எழும்பி வந்துவிடுங்கள். 'அதை நாங்கள் எடுத்துத் தருவோம்' என்பார்கள். எடுத்துக் காட்டிய பிறகு மறுபடி அழிக்கச் சொல்லிப் பாருங்கள். அதற்கு அரை மணி நேரம் போனாலும் பரவாயில்லை.

வெளிப்பக்கத்தைப் பார்க்க அதிக நேரம் வேண்டாம். ஆனால் போன் வெளிச்சத்தைப் பின்னால் உள்ள துவாரங்களுக்குள் அடியுங்கள். மரைன் டிரைவ் ஓரத்து வீட்டில் இருந்த கணினியென்றால் யூஎஸ்பி வாயின் உள் விளிம்பில் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கும். கடல் உப்பு அங்கேதான் முதலில் பிடிக்கும்.

உறவினர் யாராவது கனடாவிலிருந்து மினி கொண்டுவந்தாலும் மின்சாரப் பயம் இல்லை. 100 முதல் 240 வோல்ட் வரை அதுவே எடுத்துக்கொள்ளும். எட்டு வடிவ முனை கொண்ட வயரை மட்டும் நம் ஊர்ப் பிளக்குக்கு ஏற்றதாக மாற்றினால் போதும். முழுமூச்சாக ஓடினாலும் எம்1 மினி 39 வாட்ஸுக்கு மேல் இழுக்காது. கரண்ட் போனால் சின்ன யூபிஎஸ் ஒன்றே உங்கள் பாடத்தைச் சேமித்து மூட நேரம் தரும்.

கேள்வி: என்னிடமும் நாலாம் தலைமுறை ஐ5தான். மேக் வாங்க வசதி இல்லை. மகன் படிக்க வேண்டும். என்ன செய்யலாம்?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: இப்போதைக்கு ஒன்றும் வாங்க வேண்டாம், ஐயா. விண்டோஸுக்குப் பதிலாகப் பாவிக்கக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டைப் பென் டிரைவில் போட்டு, நிறுவாமலே அதிலிருந்து ஓட்டிப் பாருங்கள். மெதுவாகத்தான் இருக்கும், அதைப் பார்த்து மனம் விட வேண்டாம். வைஃபை, பிரிண்டர், சத்தம் மூன்றும் வேலை செய்தால், பழைய ஹாட் டிஸ்கைக் கழற்றி 240 ஜிபி எஸ்எஸ்டி (சுழலாத, வேகமான டிஸ்க்) ஒன்றை மாட்டி அதில் நிறுவுங்கள். கழற்றிய டிஸ்கை அழிக்காமல் அப்படியே எடுத்து வையுங்கள். மகனின் பழைய படங்களும் பாடக்குறிப்புகளும் அதில்தானே இருக்கின்றன.