குழி வெட்டும்போது பழைய சட்டி ஓடு வந்தால்

கேள்வி: யாழ்ப்பாணத்துக் கந்தரோடையில் எங்கள் வளவில் மலசலகூடக் குழி வெட்டியபோது நாலடியில் கறுப்பும் சிவப்புமான சட்டி ஓடுகள் வந்தன. அதற்கும் கீழே சிப்பி பதிந்த வெள்ளைக் கல். ஊரைக் கடல் கொண்ட காலத்துப் பொருட்களா? வெளியில் சொன்னால் காணியை எடுத்துவிடுவார்களா?

பதில்: முதலில் வேலையாட்களை நிறுத்தச் சொல்லுங்கள். மிச்சம் பிறகு.

ஓடும் கல்லும் ஒரே குழியில் வந்தாலும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. சிப்பி பதிந்தது யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல். மயோசீன் காலத்தில், அதாவது மனிதனே இல்லாத கோடி வருடங்களுக்கு முந்தைய காலத்தில், கடலடியில் படிந்தது. குடாநாட்டில் எங்கே ஆழமாகத் தோண்டினாலும் இந்தக் கல்தான் வரும். ஊரைக் கடல் கொண்டதற்கு அது சாட்சி ஆகாது.

ஓடுதான் முக்கியம். உடைந்த விளிம்பைப் பாருங்கள்: உள்பக்கம் முழுக்கக் கறுப்பு, வெளியே வாய்ப்பகுதி கறுப்பு, அடிப்பக்கம் சிவப்பு என்றிருந்தால் கறுப்பு-சிவப்பு மட்பாண்டமாக இருக்கலாம். சூளையில் கவிழ்த்துச் சுடும்போது காற்றுப் படாத பக்கம் கறுக்கும், காற்றுப் பட்ட பக்கம் சிவக்கும். 2000 வருடத்துக்கு மேற்பட்ட குடியிருப்புகளில் கிடைப்பது இது. உங்கள் ஊரிலேயே வரலாற்றாய்வாளர் போல் பீரிஸ் 1917 முதல் ஆராய்ந்தார். 1970இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகக் குழுவும் வந்து தோண்டியது. ஆகவே ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, ஆனால் அலட்சியமும் வேண்டாம்.

ஓட்டை விட அது கிடந்த இடம்தான் பெறுமதியானது. யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் 1980களின் தொடக்கத்தில் கிடைத்த முத்திரையை உதாரணமாக எடுங்கள். மேலே குறியீடுகள், கீழே பிராமி என்ற பண்டைய எழுத்து. அது எலும்புக்கூட்டோடு, ஈமக்குழியிலேயே, அகழ்வு செய்தவர்கள் கண்ணில் பட்டது. அதனால்தான் அதன் காலத்தைப் பற்றிப் பேச முடிகிறது. அதே முத்திரை ஒருவர் சட்டைப்பையில் வந்திருந்தால் வெறும் பழைய பொருள்தான்.

ஆகவே குழியின் சுவரில் இன்னும் ஒட்டியிருக்கும் ஓடுகளை அலவாங்கால் நோண்டாதீர்கள். பக்கத்தில் அடிமட்டம் வைத்துப் படம் எடுங்கள், நிலமட்டத்திலிருந்து ஆழத்தை அளந்து எழுதுங்கள். வெளியே வந்தவற்றைக் கழுவ வேண்டாம், ஒட்டவும் வேண்டாம். உலரவிட்டு, ஆழத்தை எழுதிய கடதாசிப் பையில் போடுங்கள்.

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, மண்ணுக்குள் இருக்கும் தொல்பொருள் அரசுடைமை. விதானையாரிடமோ (கிராம அலுவலர்) தொல்லியல் திணைக்களத்திடமோ அறிவிக்க வேண்டும். யாழ். பல்கலைக்கழகத் தொல்லியல் பிரிவிலும் காட்டலாம். எலும்பு தெரிந்தால் கையே வைக்காமல் நேரே பொலிஸுக்கு அறிவியுங்கள். நம் ஊரில் எல்லா எலும்பும் பழங்காலத்தது அல்ல.

காணி விடயம்: ஓடு கிடைத்தது என்பதற்காக மட்டும் காணி பறிபோகாது. அரசு காணியைச் சுவீகரிப்பது என்பது தனிச் சட்டத்தின் கீழ் நடக்கும் வேறு விடயம். பாதுகாக்கப்பட்ட இடமாக அரச வர்த்தமானியில் அறிவித்தால் கட்டட வேலைக்குக் கட்டுப்பாடு வரும், அதை மறைக்க மாட்டேன். குழியை வளவின் வேறு மூலையில் வெட்டலாமா என்று மேசனிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.