எட்டாம் மாத ஸ்கேனில் கட்டி: ஆபரேஷன் செய்யாமல் காத்திருக்கலாமா?

கேள்வி: எட்டாம் மாத ஸ்கேனில் குழந்தையின் வலது சிறுநீரகத்துக்கு மேலே 2 செ.மீ. கட்டி இருப்பதாகச் சொன்னார்கள். பிறந்து 20 நாள் ஆகிறது, நன்றாகப் பால் குடிக்கிறான். "ஆபரேஷன் வேண்டாம், மூன்று வாரம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுப்போம்" என்கிறார் டாக்டர். "கட்டியை வைத்துக்கொண்டு சும்மா இருப்பார்களா, வேறு ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்கிறார் மாமியார். எனக்குத் தூக்கமே இல்லை.
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: 20 நாள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு 'கட்டி' என்று கேட்டால் யாருக்குத்தான் தூக்கம் வரும்? ஆனால் உங்கள் டாக்டர் சும்மா இருக்கவில்லை அம்மா, அவர் சொல்வது சரியான வழிதான்.

சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி இருப்பது அட்ரினல் சுரப்பி. பிறந்த குழந்தைக்கு அது சிறுநீரகத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் பெரிதாக, ரத்த ஓட்டம் மிகுந்ததாக இருக்கும். பிரசவத்தின்போதோ, சில சமயம் கருவிலேயோ அதற்குள் ரத்தம் கசிந்து தேங்கிவிடும், பெரும்பாலும் வலது பக்கத்தில். ஸ்கேனில் அதுவும் கட்டி போலத்தான் தெரியும். அது தானாகவே சுருங்கி, கடைசியில் சுண்ணாம்புப் பொட்டு மாதிரி ஒரு தடம் மிஞ்சும், அவ்வளவுதான்.

இன்னொரு வாய்ப்பு நியூரோபிளாஸ்டோமா. அது புற்றுநோய்தான், மறைக்க மாட்டேன். ஆனால் பச்சைக் குழந்தைக்கு வரும் சின்னக் கட்டியும் மூன்று நான்கு வயதில் வருவதும் ஒன்றல்ல. முதலாவது தானாகவே கரைந்துபோவது உண்டு. ஜப்பானில் 1980களில் இந்தப் புற்றுநோயைத் தேடி ஆறு மாதக் குழந்தைகளின் சிறுநீரை வடிதாளில் நனைத்து அனுப்பச் சொல்லி நாடு முழுக்கச் சோதித்தார்கள், கண்டுபிடித்ததில் நிறைய தானே மறையக்கூடிய கட்டிகள் என்று தெரிந்ததும் 2004-ல் நிறுத்திவிட்டார்கள். அமெரிக்காவில் 2012-ல் வெளிவந்த ஆய்வில், ஆறு மாதத்துக்குட்பட்ட 83 குழந்தைகளைச் சின்னக் கட்டியோடு கவனித்து மட்டும் வந்தார்கள். ஐந்தில் நான்கு பேருக்கு ஆபரேஷனே தேவைப்படவில்லை, மூன்றாண்டுக் கணக்கில் ஒரு குழந்தைகூட இறக்கவில்லை.

காத்திருப்பதென்றால் தேதி தவறாமல் போவது. 'பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறான்' என்று ஒரு ஸ்கேனையும் தள்ளிப்போடாதீர்கள், பழைய ரிப்போர்ட்டைக் கையோடு எடுத்துப் போங்கள், அளவை ஒப்பிட அதுதான் வேண்டும். நடுவில் வி.எம்.ஏ., ஹெச்.வி.ஏ. என்று சிறுநீர்ச் சோதனை கேட்பார்கள், நியூரோபிளாஸ்டோமா இருந்தால் சிறுநீரில் கூடுதலாகத் தெரியக்கூடிய பொருட்கள் அவை. குட்டி பிளாஸ்டிக் பை ஒட்டிப் பிடிப்பது, ஊசி கிடையாது. கட்டி வளர்ந்தாலோ சிறுநீரில் அந்தப் பொருட்களின் அளவு கூடினாலோ ஆபரேஷனைப் பற்றி அவர்களே பேசுவார்கள்.

அப்புறம், மாமியார் காலில் போட்டுக் குளிப்பாட்டும்போது எண்ணெய் தடவட்டும், வயிற்றை மட்டும் அழுத்தி நீவ வேண்டாம். இன்னொரு டாக்டரிடம் கேட்கத் தோன்றினால் தாராளமாகக் கேளுங்கள், குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணரிடமோ குழந்தைகள் புற்றுநோய் நிபுணரிடமோ. வயிறு திடீரென்று உப்பினாலோ, உடம்பு வெளுத்தாலோ, மஞ்சள் கூடினாலோ, தோலில் நீல நிற முடிச்சுகளோ கண்ணைச் சுற்றிக் கறுப்போ தெரிந்தாலோ, பால் குடிக்காமல் துவண்டாலோ, தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே தூக்கிக்கொண்டு போங்கள்.